அக்கா ஓட்டின தொட்டி வண்டி

அக்கா. ஏய் அக்கா.

வேலை முடிஞ்சு வந்ததும் கேட்டுக்கு வெளியே நின்னுதான் கூப்பிடுவேன். உள்ள இருந்து உடனே சத்தம் வரும், "வந்துட்டியா, வா, வந்து என்னை கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி விடு." உன் முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு போச்சு. நேத்து கூட வாய் தவறி கூப்பிட்டேன். உள்ள அம்மா பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்தது நின்னு போச்சு. நான் செருப்ப கழட்டுற வரைக்கும் அந்த சத்தம் திரும்ப வரல.

இத படிக்கிறவங்களுக்கு அவ யாருன்னு தெரியாது, அதனால சொல்றேன். நான் ஒன்பதாவதோட நின்னவன். தமிழ் எழுத வந்தது மாதா கோயில்ல பாட்டு புஸ்தகம் பாத்து பாத்துதான். பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பு இருந்தா கோச்சிக்காதீங்க.

எங்க தாத்தா காலத்துலயே ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்குன்னு செகந்திராபாத் வந்தாச்சு. அப்பாவும் அங்கதான் ஃபிட்டர், இப்ப ரிட்டயர் ஆயிட்டார். எனக்கு அல்வால்ல ஒரு ஷெட்டுல வேலை. பைபர் வேலை. பார்க்குல சின்ன பசங்க சறுக்குற சறுக்கு மரம், ரிசார்ட்டுல மிதக்குற வாத்து படகு, பஸ்ஸு உள்ள சீட்டு, இந்த மாதிரி எது உடைஞ்சாலும் கண்ணாடி நார் மேட் வெச்சு ரெசின் பசை பூசி ஒட்டிடுவோம். அக்கா எனக்கு நாலு வருஷம் பெரியவ. டிகிரி படிச்சா. கச்சிபௌலில ஒரு கம்பெனில வேலைக்கு சேர்ந்தா, கேப் வந்து கூட்டிட்டு போகும். அப்புறம் படி ஏற முடியல. அப்புறம் கேப்ல ஏற முடியல. கம்பெனிக்காரங்க வீட்ல இருந்தே பண்ணுன்னு கம்ப்யூட்டர் குடுத்தாங்க.

தசை கரையுற வியாதி. கால்ல ஆரம்பிச்சு மெல்ல மேல ஏறும், கைக்கு வரும், கடைசில நெஞ்சுக்கு வரும்னு டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார். எப்ப எதுக்கு வரும்னு மட்டும் சொல்ல முடியாதுன்னார். மருந்து கெடையாது. எங்க வீட்ல எல்லாருக்கும் இது தெரியும், யாரும் பேச மாட்டோம். அவ மட்டும் பேசுவா. "கால் போச்சு, கை இருக்கு, வாய் எப்பவும் இருக்கும், உங்களுக்கு தப்பிக்க வழியே இல்ல"ம்பா.

போன வருஷம் ஷாமீர்பேட் தாண்டி ஒரு பண்ணை வீட்ல வேலை. நீச்சல் குளத்து சறுக்கு வெடிச்சு போச்சுன்னு கூப்பிட்டாங்க. அங்க மாட்டு கொட்டகைல, வைக்கோலுக்கு பின்னாடி, ஒரு வண்டி கெடந்துச்சு. ஆறு சக்கரம், ஒவ்வொண்ணும் குட்டையா, குண்டா. நடுவுல உடம்பு முழுக்க ஒரே பிளாஸ்டிக் தொட்டி. வெளிநாட்டுல இருந்து வாங்கினதாம். தரையில ஓடும், சேத்துல ஓடும், தண்ணில எறக்கினா மிதக்கும், சக்கரம் சுத்துறதே துடுப்பு மாதிரி தள்ளிட்டு போகும்னு வீட்டுக்காரர் சொன்னார். அவர் பசங்க பெரிசாகி வெளிநாடு போயிட்டாங்க, எலி ஒயர கடிச்சிடுச்சு, யாரும் தொடுறதில்ல.

சும்மாதான் உள்ள ஏறி உக்காந்தேன். கால கீழ வெச்சு பிரேக் தேடறேன், இல்ல. கிளட்ச் தேடறேன், இல்ல. ஸ்டியரிங்கும் இல்ல. முன்னாடி சைக்கிள் ஹேண்டில் மாதிரி ஒண்ணு, அவ்வளவுதான். இடது பக்கம் திருப்பினா இடது பக்கத்து மூணு சக்கரமும் நிக்கும், வண்டி அந்த பக்கம் திரும்பும். பிரேக் கையில. ஆக்ஸிலரேட்டர் கட்டை விரல்ல. காலுக்கு ஒரு வேலையும் கெடையாது.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எறங்கவே இல்ல, அங்கயே உக்காந்திருந்தேன். கூட வேலை பாக்குறவன் வந்து, "கைக்கு பே, ஏன்டா, தூங்கிட்டியா"ன்னான்.

சறுக்கு வேலைய முடிச்சு கூலிக்கு பதிலா அந்த வண்டிய கேட்டேன். வீட்டுக்காரர் நல்ல மனுஷன், எடுத்துட்டு போ, ஆனா தண்ணில விடறதுன்னா இங்கயே தோட்டத்துக்கு பின்னாடி இருக்குற என் குளத்துல வந்து விடு, நானும் பாக்கணும்னார்.

ஷெட்டுக்கு பின்னாடி வெச்சு அப்பாவும் நானும் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அதுலயே விழுந்து கெடந்தோம். ஒயர் மாத்தி, கார்புரேட்டர் கழுவி, உள்ள ஓடற செயின் எல்லாம் துரு எடுத்து எண்ணெய் போட்டோம். சீட்ட அப்பா செஞ்சார். கழுத்து வரைக்கும் முதுகு சாய, இடுப்புக்கு ஒண்ணு நெஞ்சுக்கு ஒண்ணு பெல்ட்டு, முழங்கை வெக்க ரெண்டு பக்கமும் தட்டு. ஹேண்டில் எட்டாதுன்னு அறுத்து கீழ எறக்கி மடிக்கு நேரா கொண்டு வந்தோம். கட்டை விரல் லீவர்ல ஸ்பிரிங் கெட்டியா இருந்துச்சு. அத எடுத்துட்டு மெல்லிசா ஒரு ஸ்பிரிங் போட்டேன். மெல்லிசா போட்டா விரல எடுத்தாலும் வேகம் சட்டுனு குறையாது, அதனால அவ மணிக்கட்டுல ஒரு கயிறு, கயிறு இழுபட்டா என்ஜின் ஆஃப் ஆகுற மாதிரி. இதெல்லாம் அப்பா யோசனை.

முதல் தடவை அவள உக்கார வெச்சு ஓட்டினது ஷெட் பக்கத்து மைதானத்துல. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். மெல்லன்னு சொல்லி முடிக்கல, ஒரு திருப்பு திருப்பினா பாருங்க, நான் சேத்துல கெடக்கேன். ஆறு சக்கரமும் மண்ண வாரி எறைக்குது. அம்மா குடைய போட்டுட்டு ஓடி வராங்க. அவ ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்து என் பக்கத்துல நிறுத்தி, "எங்க போகணும் சார், ஓலா கேன்சல் பண்ணிட்டீங்களா"ங்குறா. அப்பா சிரிச்சு நான் எத்தனையோ வருஷமா பாத்ததில்ல. அன்னைக்கு கண்ணுல தண்ணி வர சிரிச்சார்.

அதுல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா மைதானம்தான். அம்மா தக்காளி சோறு டப்பால போட்டுட்டு பின் சீட்டுல உக்காந்துக்குவாங்க. பள்ளத்துல எறங்கும், மேட்டுல ஏறும், ஒவ்வொண்ணுக்கும் அம்மா ஒரு யேசுவே. அக்கா அத கேக்கணும்னே பள்ளத்த தேடி போவா. அக்கம்பக்கத்துல தொட்டி வண்டி, தொட்டி வண்டின்னு பேரே ஆயிடுச்சு.

ஆனா அவளுக்கு வேண்டியது மைதானம் இல்ல. தண்ணி.

ஒரு நாள் நகம் வெட்டி விட்டுட்டு இருந்தேன். அப்ப சொன்னா. "இருபத்து நாலு வயசுல இருந்து நான் எங்க போனாலும் பின்னாடி ஒருத்தர் தள்ளிட்டுதான் வராங்க. மைதானத்துல கூட நீ ஓடி வர்ற, அப்பா ஓடி வரார், பள்ளத்துல சிக்கினா நாலு பேர் வந்து தள்றாங்க. தண்ணில யாரும் தள்ள முடியாதுல்ல? அம்மாவ குளத்துக்கு அந்த பக்கம் நிக்க வை. நான் இந்த பக்கத்துல இருந்து நானே ஓட்டிட்டு போய் அம்மாகிட்ட நிறுத்தறேன். ஒரே ஒரு தடவை."

நீ தனியா போக முடியாது, நான் பின்னாடி உக்காருவேன்னேன். உக்காரு, ஆனா ரெண்டு கையும் உன் மடிலதான் இருக்கணும்னா. சரின்னேன். அப்ப மார்ச் மாசம். குளத்துல தண்ணி கம்மி, ஆனா வண்டி மிதக்குற அளவுக்கு இருந்துச்சு. அவ கைல பலம் இருந்துச்சு. அடுத்த வாரமே போயிருக்கலாம். இத நான் எத்தனை தடவை சொல்லி பாத்துக்கிட்டேன் தெரியுமா. அடுத்த வாரமே போயிருக்கலாம்.

போகாததுக்கு காரணம் நான்.

அந்த வாரம் மைதானத்துல அவள வண்டில இருந்து எறக்கறப்ப கூட்டம் சேந்துடுச்சு. தொட்டி சுவரு இடுப்பு உயரம். நான் கக்கத்துல கை குடுத்து, அப்பா கால புடிச்சு, மூட்டை மாதிரிதான் தூக்கி எறக்கணும். அன்னைக்கு அவ சுடிதார் மேல ஏறிடுச்சு. ரெண்டு மூணு பேர் போன்ல புடிச்சிட்டு இருந்தாங்க. அப்பா சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அவ செவுத்த பாத்துட்டு, "நக்கோடா, வேணாம்டா. இனிமே என்னை ஆளுங்க முன்னாடி தூக்காதே"ன்னா.

எனக்கு அது தாங்கல. அவ ஆஸ்பத்திரிக்கு செக்கப் போன அன்னைக்கு, யாரையும் கேக்காம, மெஷின் எடுத்து தொட்டியோட பக்கத்த அறுத்து கதவு வெச்சுட்டேன். வீல் சேர்ல இருந்து அப்படியே பலகை வெச்சு நகத்தி உள்ள உக்கார வெக்கலாம், தூக்கவே வேணாம். சாயங்காலம் அவ வந்ததும் பெருமையா காட்டினேன். அவ முதல்ல கேட்டது ஒண்ணுதான்.

"டேய், தண்ணி வராதா?"

பைபர் இருக்கு, நான் இருக்கேன், நீ எதுக்கு பயப்படறேன்னேன்.

தண்ணி மட்டம் எது வரைக்கும் வரும்னு நான் பாக்கவே இல்ல. கதவு அதுக்கும் கீழ எறங்கி இருந்துச்சு. சரி, கீழ் பாதிய மூடிட்டு மேல் பாதிய மட்டும் கதவா வெப்போம்னு அறுத்த துண்டையே எடுத்து பொருத்தி, உள்ளயும் வெளியயும் மேட் வெச்சு ரெசின் பூசினேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. நான் செஞ்சதுலயே நல்ல வேலைன்னு நெனச்சேன். எங்க தொழில்ல ஒழுகுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு. தண்ணில எறக்க வேணாம், உள்ள தண்ணி ஊத்தி வெச்சா போதும். ரெண்டு நாள் நின்னுச்சு. மூணாவது நாள் காலைல ஷெட்ட திறக்கறேன், தரையெல்லாம் தண்ணி. ஒட்டினது முழுசா, தோசைக்கல்லுல இருந்து தோசை எடுத்த மாதிரி, ஒரே துண்டா வந்து கீழ கெடக்கு.

சரியா தேய்க்கலன்னு நெனச்சேன். உப்புத்தாள் போட்டு தேய்ச்சு திரும்ப போட்டேன். அப்புறம் ரெசின் பழசுன்னு நெனச்சேன். புதுசு வாங்கி திரும்ப போட்டேன். அப்புறம் மழை ஆரம்பிச்சுது, ஈரத்துல காயலன்னு நெனச்சேன். லைட்டு போட்டு காய வெச்சேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாரம், மூணு வாரம் போச்சு. ஒவ்வொரு தடவையும் உரிஞ்சு வந்துச்சு. அப்பா ஒரு தடவை, யாரையாச்சும் கேளேன்டான்னார். பைபர் வேலைல என்னை விட யாருக்கு தெரியும்னு எகிறினேன்.

இதுல ஒண்ண சொல்லியே ஆகணும். மாடில வெக்கிற கருப்பு பிளாஸ்டிக் தண்ணி டேங்க் வெடிச்சா அதுல பைபர் ஒட்டாது. எங்க தொழில்ல இருக்குற எல்லாருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். டேங்க் ஒட்டணும்னு யாராச்சும் வந்தா, இது எங்க வேலை இல்லன்னு நானே திருப்பி அனுப்பி இருக்கேன். ஆனா இது வெளிநாட்டு வண்டி. மொட்டை மாடில இருக்குற தண்ணி டேங்க் செய்யுற அதே பிளாஸ்டிக்ல வெளிநாட்டுக்காரன் வண்டி செய்வானான்னு எனக்கு தோணவே இல்ல.

அவ ஒவ்வொரு சனிக்கிழமையும் கேப்பா, நாளைக்கா? இல்ல, அடுத்த வாரம். கேக்குறப்ப முகத்துல ஒண்ணும் காட்ட மாட்டா. நான்தான் ஊர்க்கதை பேசிட்டு எழுந்து போயிடுவேன்.

அந்த மாசங்கள்ல வீட்ல என்னென்ன மாறுச்சுன்னு இப்ப வரிசையா ஞாபகம் வருது. அப்ப வரிசையா பாக்கல. தலைய அவளே வாரிக்குவா, அது நின்னுச்சு, அம்மா வாரி விட ஆரம்பிச்சாங்க. டீ கப்ப ரெண்டு கையால புடிச்சா. அப்புறம் ஸ்ட்ரா போட்டு குடிச்சா. கம்பெனி வேலைல மவுஸ் புடிக்க முடியாம, வேலைய விடறேன், மன்னிச்சுக்கோங்கன்னு லெட்டர் போட்டா. அந்த லெட்டர நான்தான் அடிச்சேன், அவ சொல்ல சொல்ல. ஒவ்வொரு எழுத்தா தேடி அடிச்சதுக்கு, "நீ அடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயரே ஆயிடுவேன்"ன்னா. சிரிச்சோம். எழுந்து ஷெட்டுக்கு போய் அஞ்சாவது தடவையா ரெசின் கலக்கினேன்.

ஆகஸ்டுல ஷெட்டு மாடில இருந்த டேங்க் வெடிச்சு, ஓனர் ஒரு டேங்க் ஒட்டுறவர கூப்பிட்டார். வயசான தெலுங்குக்காரர். அதே ரோட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவை டேங்க் ஒட்டணுமான்னு மொபெட்ல கத்திட்டு போறவர்தான். மாடி வேலை முடிஞ்சு கீழ வந்தவர், நான் தொட்டிய தேய்ச்சிட்டு இருந்தத கொஞ்ச நேரம் பாத்தார். கீழ விழுந்த ஒரு பிளாஸ்டிக் சீவல எடுத்து தீக்குச்சி கொளுத்தி பத்த வெச்சு, அணைச்சு, என் மூக்குகிட்ட நீட்டினார். மெழுகுவர்த்தி வாசனை.

"இதி டேங்கே கதா பாபு"ன்னார். இது டேங்க்தானேப்பா.

பழைய டேங்க் மூடில இருந்து நீளமா பட்டை அறுத்தார். சூடு காத்து அடிக்கிற துப்பாக்கி ஒண்ணு வெச்சிருந்தார். பட்டையும் தொட்டியும் ஒரே நேரத்துல எளக, எளக, தையல் போடுற மாதிரி உள்ள ஒரு வரிசை, வெளிய ஒரு வரிசை. சாப்பாட்டுக்கு முன்னாடி ஆரம்பிச்சார், டீ வர்றதுக்குள்ள முடிச்சுட்டார். ஒரு மத்தியானம். அவ்வளவுதான் அந்த வேலை.

தண்ணி ஊத்தி ஒரு வாரம் வெச்சேன். ஒரு சொட்டு ஒழுகல. நான் தொட்டி பக்கத்துலயே தரையில உக்காந்து அழுதேன். யாரும் பாக்கல.

மழை விட்டதும் ஒரு ஞாயித்துக்கிழமை போனோம். முதல் நாளே நான் போய் அவ எடைக்கு மணல் மூட்டை வெச்சு, நானும் உக்காந்து குளத்துல ரெண்டு தடவை போய் வந்து பாத்துட்டேன். குளம் ஒண்ணும் பெரிசு இல்ல. இந்த கரைல நின்னு கூப்பிட்டா அந்த கரைக்கு கேக்கும். வண்டி தண்ணில நடக்குற வேகம்தான் போகும்.

அவளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு, பலகை வெச்சு கதவு வழியா நகத்தி உக்கார வெச்சோம். யாரும் தூக்கல. கதவ பாத்து, "நல்லா இருக்குடா"ன்னா. முதல் தடவையா சொன்னா. வலது கைய நான் எடுத்து ஹேண்டில் மேல வெச்சேன், கட்டை விரல லீவர்ல வெச்சேன். அந்த கை எவ்வளவு லேசா இருந்துச்சுன்னா, எடை பாத்தா பூனைக்குட்டி அளவு இருக்குமா. அம்மாவ அந்த கரைக்கு சுத்தி கூட்டிட்டு போனார் பண்ணை வீட்டுக்காரர். அப்பா இந்த கரைல.

எறங்கினோம். முன் சக்கரம் தண்ணில பட்டுது, நடு சக்கரம், அப்புறம் சட்டுனு அடி லேசாச்சு, ஆட்டம் நின்னு போச்சு. மிதக்குது. ஆறு சக்கரமும் தண்ணிய வாரி பின்னாடி தள்ளுது. எனக்கு அவ பின்னந்தலைதான் தெரிஞ்சுது, அம்மா போட்ட ரெட்டை சடை. கழுத்து நேரா நின்னுச்சு. கொஞ்சம் வலது பக்கம் இழுத்துச்சு, அவளே திருத்தினா. அவ சொன்னபடி நான் ரெண்டு கையும் மடில வெச்சிருந்தேன்.

பாதி தூரம் வந்திருப்போம். அவ கை வழுக்கி மடில விழுந்துடுச்சு. கயிறு இழுபட்டு என்ஜின் நின்னு போச்சு.

அவ ஏன் நின்னுச்சுன்னு கேக்கல. அவளுக்கு தெரிஞ்சுது. விரல மட்டும் அசைச்சு அசைச்சு, முழங்கை தட்டு மேல கைய ஏத்த பாத்தா. தோள்ல இருந்து தூக்க முடியல. நான் எழுந்து பின்னாடி இருந்து கைய நீட்டினேன்.

"தொடாத."

உக்காந்துட்டேன். வண்டி சும்மா நின்னுச்சு. காத்து மெல்ல ஓரமா தள்ளிட்டு போச்சு. அந்த கரைல அம்மா நெத்தில கை வெச்சு பாக்குறாங்க, என்னாச்சுன்னு கத்துறாங்க. இவ திரும்ப திரும்ப பாத்தா. மூச்சு வாங்குது. எத்தனை நேரம்னு எனக்கு தெரியாது. அப்புறம் முயற்சி பண்றத நிறுத்திட்டா. தண்ணிய பாத்துட்டு, கோவமே இல்லாம, நேரம் என்னன்னு சொல்ற மாதிரி சொன்னா.

"நாலு மாசம்டா."

மார்ச்ல இருந்து எண்ணினா நாலு மாசம் இல்ல, அதுக்கும் மேல. அவ கொறச்சு சொன்னா.

அப்புறம், "சரி, ஓட்டு. அம்மா பயப்படறாங்க"ன்னா. கயிற மாட்டி என்ஜின போட்டேன். அவ கைய எடுத்து திரும்ப ஹேண்டில் மேல வெச்சு, அதுக்கு மேல என் கைய வெச்சு ஓட்டினேன். பின்னாடி குனிஞ்சிருந்தேன், முன்னாடி இருந்து பாத்தா அவ தலைதான் தெரியும். கரை ஏறி நின்னதும் அம்மா தண்ணிலயே எறங்கி வந்து அவ மூஞ்சிய ரெண்டு கையாலயும் புடிச்சு முத்தம் குடுத்துட்டு, "என் பொண்ணு, என் பொண்ணு தனியா ஓட்டிட்டு வந்துட்டா"ன்னு அழறாங்க. அக்கா என்னை பாத்தா. நான் அவள பாத்தேன். ரெண்டு பேரும் அம்மாவ திருத்தல.

திரும்பி வர்ற வழில பிரியாணி வாங்கி, வண்டிய ஏத்திட்டு வந்த ஆட்டோ டிராலிலயே உக்காந்து சாப்பிட்டோம். அப்பா பாட்டு பாடினார். நல்ல நாளாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லணும்.

ரெண்டு மாசம் கழிச்சு சளி புடிச்சுது. நெஞ்சுல இருந்து அத இருமி எடுக்க அவளுக்கு பலம் இல்ல. தண்ணில போனதாலயான்னு டாக்டர தனியா புடிச்சு கேட்டேன். இல்லப்பா, இது நெஞ்சுக்கு வந்துடுச்சு, எப்படியும் வரும்னு உங்களுக்கு சொன்னதுதானேன்னார். ஆஸ்பத்திரில மாஸ்க் போட்டிருந்தாங்க. நான் போனப்ப கண்ணால கிட்ட வா வான்னா. மாஸ்க்க கொஞ்சம் நகத்தி காது குடுத்தேன்.

"ஹேண்டில மேல தூக்கி வை. தாடையால தள்றேன். முடியும்ல?"

ஹவ், ஆமா, முடியும்னேன். பொய் சொல்லல, நிஜமா முடியும். கழுத்துல பலம் இருந்துச்சு அவளுக்கு. அங்க வெயிட்டிங் ஹால்ல உக்காந்து மருந்து சீட்டு பின்னாடி படம் போட்டேன், எங்க வளைக்கணும், எங்க ரப்பர் வெக்கணும்னு. உள்ள போய் காட்டலாம்னா விடல. மறுநாள் காலைல எங்கள எல்லாரையும் கூப்பிட்டாங்க.

அடக்கத்துக்கு கோயில் நெறைய ஆளு. சாமியார் பிரசங்கத்துல, இந்த பொண்ணு நடக்க முடியாதவ, ஆனா தானே வண்டி ஓட்டி ஒரு குளத்தையே கடந்தவன்னார். அம்மாதான் அவர்கிட்ட சொல்லி இருக்காங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் அம்மா இன்னும் அதத்தான் சொல்றாங்க. சொல்றப்ப மட்டும்தான் அவங்க முகத்துல கொஞ்சம் வெளிச்சம் வருது. நான் பக்கத்துல நின்னு தலைய ஆட்டுவேன்.

ஆனா அவ கடக்கல. பாதிதான் ஓட்டினா. மீதி நான். அந்த மீதியையும் அவ ஓட்டி இருப்பா, நான் ஒரு மத்தியானம் என் வாய திறந்து ஒரு மனுஷன கேட்டிருந்தா. இத யார்கிட்டயும் சொல்லல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப கூட சொல்ல வரல, முட்டி போட்டுட்டு எழுந்து வந்துட்டேன். இங்க எழுதிட்டேன். அம்மா இத படிச்சா படிக்கட்டும்.

நான் முட்டி போட்டாலும் எனக்கு வார்த்தை நிக்க மாட்டேங்குது, பாதில அந்த தொட்டி, அந்த ரெசின், அந்த சனிக்கிழமைங்க எல்லாம் வந்துடுது. எங்க அக்காவுக்கு முழுசா ஒரு ஜெபம் கூட நான் இன்னும் சொல்லல. அதனால இத படிச்ச நீங்க, எந்த கோயிலுக்கு போறவங்களா இருந்தாலும் சரி, எந்த சாமிய கும்பிடறவங்களா இருந்தாலும் சரி, எங்கயும் போகாதவங்களா இருந்தாலும் சரி, இன்னைக்கு ஒரு நிமிஷம் எங்க அக்காவுக்காக வேண்டிக்கோங்க. அவ எங்க போனாலும் யாரும் பின்னாடி இருந்து தள்ளாம, அவளே போகணும்னு கேளுங்க.